இடாப்போடு ஒரு பயணம்

(நூற்றாண்டு விழாவில், 1979ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்பு மாணவிகள் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



இந்த உரையை எழுதியவர்கள் ஏழு பேர். வாசிப்பது ஒருத்தி. பயணம் போனவள் எட்டாவது ஆள். அவள் மேடைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். தன் பெயரைச் சொன்னாலோ மலரில் போட்டாலோ அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டாளாம். ஆகவே இந்த உரை முழுவதும் அவள் 'அவள்'தான். எழுதிய எழுவரில் ஐவர் அவள் வழியில் தங்கிய வீட்டுக்காரிகள். மற்ற இருவர் ஊரிலிருந்து இரவிரவாகப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். ஆகையால் தனியே போன ஒருத்தியின் கதையை 'நாங்கள்' என்று சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறோம்.

நூற்றாண்டு விழாவுக்கு ஒவ்வொரு வகுப்பினரும் தங்கள் தோழிகளைத் தேடிப்பிடித்துத் தரவேண்டும் என்று சங்கம் கேட்டபோது, எங்களுக்குக் கிடைத்தது ஒரு பழைய இடாப்பு. வகுப்பாசிரியை தன் அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்தது. நீல மையில் எழுதிய 38 பெயர்கள். அதில் பன்னிரண்டு பேரின் இருப்பிடம்தான் எங்களுக்குத் தெரிந்திருந்தது. மற்றவர்கள் எங்கே என்பதற்கு எங்களில் ஒவ்வொருத்தியிடமும் ஒரு வதந்தி இருந்தது. "பதுளைப் பக்கம் போனதாம்", "கனடாவில எண்டு கேள்வி", "மௌத்தாகிட்டாளாம்" என்ற மாதிரி. மௌத்தானதாக நாங்கள் நம்பிய ஒருத்தி இன்று இந்த மண்டபத்தில் மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். நேற்று இரவு எங்களோடு சேர்ந்து இரண்டு வட்டிலப்பம் சாப்பிட்டாள்.

போனில் தேடலாம் என்றோம். அவள் கேட்கவில்லை. "இது போன்ல தேடுற வேலை இல்லகா. நான் போய்ப் பாத்துட்டு வாறன்" என்றாள். யாரோடு என்று கேட்டதற்கு, இடாப்போடு என்றாள்.

அவளைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். நெடுங்காலம் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கணவர் காலமாகிவிட்டார். ஒரு பிள்ளை கட்டாரில், ஒரு பிள்ளை கொழும்பில். 55 வயதில்தான் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தாள். சேமிப்பில் ஒரு பழைய சிறிய கார் வாங்கினாள். அதில் ஏறாவூரிலிருந்து மட்டக்களப்புக்கும் புன்னைக்குடாக் கடற்கரைக்கும் போய்வருவதோடு சரி. இப்போது வயது 61. முழங்கால் வலிக்கு எண்ணெய் பூசுபவள்.

வீட்டில் எழுந்த எதிர்ப்பை எங்களால் அப்படியே சொல்லமுடியும், ஏனென்றால் எங்கள் வீடுகளிலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். தம்பி வந்து, "ராத்தா, ட்ரைவர் ஒருத்தன வைச்சுக்கங்க, காசு நான் தாறன்" என்றார். மகன் கட்டாரிலிருந்து மூன்று இரவு பேசினார். பெண் ஒருத்தி மஹ்ரம் துணையின்றி இவ்வளவு தூரம் போகலாமா என்ற கேள்வியும் வந்தது. அதில் கற்றறிந்தவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவள் தனக்கு நம்பிக்கையான ஓர் ஆலிமாவிடம் கேட்டு மனந்தெளிந்த பிறகே புறப்பட்டாள். அந்த விவாதத்தை நாங்கள் இந்த மேடையில் நடத்தப்போவதில்லை. நாங்கள் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: அவள் எவரோடும் சண்டை பிடித்துக்கொண்டு போகவில்லை. தம்பியே வந்து ரயருக்குக் காற்றடித்து, ஜாக்கி எங்கே வைப்பது, சில்லை எப்படிக் கழற்றுவது என்று இரண்டு மணித்தியாலம் காட்டிக்கொடுத்து அனுப்பினார்.

தனியே பயணம் போன பெரியவர்களின் கதைகள் நமக்குப் புதிதல்ல. இப்னு பதூதா 1325இல் தமது 21ஆம் வயதில் தாஞ்சியரிலிருந்து துணையின்றிப் புறப்பட்டதாகச் சொல்கிறார். 1344இல் நம் நாட்டுக்கு வந்து பாவாதமலை ஏறினார். ஆனால் அந்த மலைக்குப் போகும்போது அவருக்கு ஆரியச் சக்கரவர்த்தி கொடுத்த பல்லக்கு இருந்தது, வழிகாட்ட யோகிகள் இருந்தார்கள், சாமான் சுமக்க ஆள்கள் இருந்தார்கள். 1870களில் கொன்ஸ்டன்ஸ் கோர்டன் கமிங் என்ற ஸ்கொட்லாந்துப் பெண்மணி இலங்கையில் இரண்டு வருடம் சுற்றிப் படம் வரைந்தார். 1892இல் அதைப் பெரிய புத்தகமாக எழுதினார். திருமணம் செய்யாமல் உலகைச் சுற்றியவர் என்று அவரைப் புகழ்கிறார்கள். புகழத்தான் வேண்டும். ஆனால் அவருக்கும் போன இடமெல்லாம் துரைமாரின் பங்களாக்கள் திறந்திருந்தன, சமைத்துப்போட ஆள் இருந்தது. எங்கள் தோழிக்கு இருந்தது ஒரு பழைய கார், ஒரு தேர்மஸ் போத்தல், ஒரு கூடாரம், எங்கள் விலாசங்கள். ஒப்பிட்டுப் பார்த்தால் இவள்தான் கூடத் தனியே போயிருக்கிறாள் என்பது எங்கள் கட்சி.

இனிப் பாதைக்கு வருவோம். நம்மில் பலருக்குச் செங்கலடிச் சந்தி என்றால் பஸ் மாறுகிற இடம். ஆனால் பேராதனையில் தொடங்கி, கம்பளை, நுவரெலியா, வெலிமடை, பதுளை என்று மலைநாட்டை ஊடறுத்துவரும் ஏ5 பெருந்தெரு வந்து முடிவது நம் வீட்டு வாசலான அந்தச் சந்தியில்தான். பள்ளிக்கூடத்தில் படிக்கும் காலத்தில் மரக்கறி லொறிகள் அந்த வழியாக இறங்கிவருவதைப் பார்த்திருக்கிறோம். மறுகா அந்தப் பாதை எங்களுக்கு இல்லாமல் போனது. கறுத்தப்பாலத்துக்கு இப்பால் ஓர் ஆட்சி, அப்பால் ஓர் ஆட்சி. நெடுங்காலம் பதுளைக்குப் போகவேண்டுமென்றால் ஊரைச் சுற்றிச் சுற்றிப் போகவேண்டும். எங்கள் பிள்ளைகளில் பலர் இந்தப் பாதை எங்கே போகிறது என்று தெரியாமலே வளர்ந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை சுபஹு தொழுதுவிட்டு, வெளிச்சம் வந்த பிறகு புறப்பட்டாள். வெளிச்சம் வந்த பிறகு என்பதைக் கவனியுங்கள். கரடியனாறு, உறுகாமம், பெரிய புல்லுமலை தாண்டி மகாஓயா வரைக்கும் யானை நடமாடும் காடு. மாலை மங்கினால் அந்தப் பாதையில் ஓடுவதில்லை என்பது அவளுடைய முதற்சட்டம். இரண்டாவது சட்டம், செங்கலடியிலேயே பெற்றோல் நிரப்பிக்கொள்வது. மூன்றாவது, ஒவ்வொரு நாளும் மஃரிபுக்கு முன் தங்குமிடம் சேர்ந்து ஊரில் இருக்கும் எங்கள் இருவரில் ஒருத்திக்குச் செய்தி சொல்வது. செய்தி வரத் தாமதித்தால் எந்த நேரத்தில் யாருக்குப் போன் எடுக்கவேண்டும் என்றும் எழுதித் தந்துவிட்டுத்தான் போனாள். தனியே போக ஆசைப்படும் தங்கச்சிமார் இந்த மூன்றாவதை மட்டுமாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உறுகாமக் குளத்தண்டையில் நிறுத்தித் தேநீர் குடித்தாள். மகாஓயாவில் வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்தாள். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் கிணறுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. நாட்டிலேயே மிகச் சூடான ஊற்றுகளில் சேர்த்தி. எரிமலையே இல்லாத நாட்டில் வெந்நீர் எப்படி வருகிறது என்று அங்கே நின்ற சின்னப்பிள்ளைகளுக்குத் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் பாடமே நடத்தியிருக்கிறாள். மழைநீர் பாறை வெடிப்புகளினூடாக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உட்சூட்டில் காய்ந்து, மீண்டும் மேலே வருகிறது என்று. ஓய்வூதியம் கொடுத்தாலும் ஆசிரியைக்கு ஓய்வு இல்லை.

பதியத்தலாவை, பிபிலை தாண்டினால் பாதை ஏறத்தொடங்குகிறது. லுணுகலை, பசறைப் பக்கத்து வளைவுகளில் இரண்டாம் கியரை விட்டு மேலே போகவேயில்லையாம். லுணுகலையில் எங்கள் வகுப்புத்தோழி ஒருத்தி பஸ் நிறுத்தும் இடத்தில் ஒரு பார்சலோடு காத்துநின்றாள். இருபது நிமிடம் காருக்குள் இருந்தே பேசினார்கள். பார்சலில் இருந்தது ரொட்டியும் மாசிச் சம்பலும். மலைக்குப் போய் நாற்பது வருடமாகியும் சம்பலின் உறைப்பு குறையவில்லை என்பது அவளுடைய அறிக்கை.

பதுளையைப் பற்றி எழுத எங்களுக்குத் தயக்கம் இருந்தது. பதுளைக்காரியே, "எழுதுங்க, அதுக்குத்தானே அவள் வந்தவள்" என்று சொன்ன பிறகு எழுதுகிறோம்.

வகுப்பில் இருவரும் ஒரே வாங்கு. ஒருத்தி பள்ளிவாசல் பக்கம், மற்றவள் ரயில் நிலையப் பக்கம். பெருநாளுக்கு ஒரு வீட்டில் சாப்பாடு, பொங்கலுக்கு மற்ற வீட்டில் சாப்பாடு. 1990ஐப் பற்றி இந்த மண்டபத்தில் இருக்கும் எவருக்கும் நாங்கள் விளக்கவேண்டியதில்லை. அந்த ஆகஸ்ட் மாதத்தில் ஏறாவூரில் இவளுடைய மூத்த நானா போனார். அடுத்த மாதம் மற்றவளின் தம்பியைக் கூட்டிப்போனார்கள், திரும்பி வரவில்லை. அந்தக் குடும்பம் பதுளையில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. அதன் பிறகு கடிதம் இல்லை, போன் இல்லை. கோபம் என்றும் சொல்லமுடியாது. எந்தச் சொல்லில் தொடங்குவது என்று இருவருக்கும் தெரியவில்லை. வருடங்கள் போய்விட்டன.

மாலை நாலரைக்குக் கார் போய் வாசலில் நின்றது. பதுளைக்காரி வெளியே வந்து, "வந்திட்டியா புள்ள, முகம் கழுவு, சாப்பாடு ஆறுது" என்றாள். அவ்வளவுதான். கட்டிப்பிடித்து அழுததெல்லாம் மறுநாள்தான் நடந்தது. குசினியில் ஒரு புதுச்சட்டி, ஒரு புது அகப்பை. "கோழி முஸ்லிம் கடையில வாங்கினது. சட்டியும் புதுசு. வேற ஒண்டும் இதில சமைக்கேல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாளாம். அவள் தொழுவதற்கு ஒரு மூலையைக் கூட்டி, வெள்ளைத் துணி விரித்து, கிப்லா எந்தப் பக்கம் என்று பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரித்தும் வைத்திருந்தாள்.

இரண்டு இரவு அங்கே தங்கினாள். இரண்டாம் நாள் இருவருமாகத் துன்ஹிந்த அருவிக்கு நடந்து போனார்கள். 60 மீற்றருக்கு மேல் உயரமான அருவி. அதன் இரைச்சலில் பேசவேண்டிய தேவை இல்லை. தம்பியின் படத்தையும் நானாவின் படத்தையும் அங்கே வைத்துத்தான் ஒருவருக்கொருவர் காட்டியிருக்கிறார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. இருவரும் சொல்லவுமில்லை.

பண்டாரவளையை விரைவாகக் கடந்துவிடுகிறோம். அங்கே தங்க வைத்த எங்களுள் ஒருத்தி, தன் வீட்டில் ஒரே ஓர் இரவுதான் தங்கினாள் என்ற குறையை இந்த உரையில் பதிந்தே ஆகவேண்டும் என்கிறாள். பதிந்துவிட்டோம். எல்லவில் சின்னப் பாவாதமலை என்று எல்லோரும் ஏறும் குன்றுக்குக் காலையில் ஏறினாள். ஆயிரத்து நூறு மீற்றருக்குச் சற்று மேல், பெரும்பகுதி தேயிலைத் தோட்டத்துப் பாதை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் முதுகுப்பையோடு ஓடினார்களாம். இவள் அபாயாவும் சப்பாத்துமாக மெதுவாக ஏறி, மேலே இருந்து கொண்டுபோன பிட்டைச் சாப்பிட்டாள். தனியே வந்த ஒரு ஜெர்மன் பெண் இவளைப் பார்த்து, நீங்களும் தனியேவா என்று கேட்டு, இரண்டு பேருமாகப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் படம் வெளியே காட்சிப் பலகையில் இருக்கிறது. முகம் தெரியாமல்தான் ஒட்டியிருக்கிறோம், நிபந்தனைப்படி.

வெலிமடையில் எங்களுள் ஒருத்தியின் வீட்டைச் சுற்றிக் கிழங்கும் போஞ்சியும். வீட்டில் நாலு அறை, மெத்தை, கம்பளி எல்லாம் ஆயத்தம். ஆனால் வந்தவள் தோட்ட ஓரத்தில் கூடாரம் அடிக்கவேண்டும் என்று நின்றாள். பேரப்பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். வீட்டு ஆம்பிளைகளுக்கு விளங்கவில்லை. கட்டில் இருக்க ஏன் மண்ணில் படுக்கவேண்டும்?

நம் பக்கத்தில் கூடாரம் என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். 1990இல் அகதியாகப் பள்ளிக்கூட மண்டபங்களில் படுத்தோம், இடம் போதாமல் வெளியே தரப்பாள் கட்டினார்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடற்கரை முழுவதும் மீண்டும் கூடாரம். யாரோ தந்தது, யாரோ இடம் காட்டியது, எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாதது. பகலில் உள்ளே வேகும், இரவில் பெண்பிள்ளைகளோடு கண்ணைமூட முடியாது. எங்களில் மூன்று பேர் அப்படி மாதக்கணக்கில் இருந்தோம். அவளும் இருந்தாள். அவள் வெலிமடைக்காரியிடம் சொன்னது இவ்வளவுதான்: "நானா வாங்கின கூடாரத்தில, நான் சொன்ன இடத்தில, ஒரு இரவு படுத்துப் பாக்கோணும்கா. விடிஞ்சா நானே மடிச்சு வைப்பன்."

குளிர் பத்துப் பாகைக்குக் கிட்ட இறங்கியது. வெலிமடைக்காரி இரண்டு முறை விளக்கோடு போய்ப் பார்த்தாள். முதல் முறை அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை குறட்டை கேட்டது. காலையில் சொன்னபடி அவளே மடித்து, ஆணிகளை எண்ணி உறையில் போட்டாள்.

கூடாரம் பற்றி ஒரு நடைமுறைச் செய்தி. வனப்பூங்காக்களுக்குள் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிந்து, அவர்கள் ஒதுக்கும் இடத்தில்தான் தங்கலாம். தனியே போகும் பெண்ணுக்கு எங்கள் சிபாரிசு, தெரிந்தவர் வீட்டுத் தோட்டம். தண்ணீரும் கழிப்பறையும் கிட்ட இருக்கும், நாய் குரைத்தால் ஆள் வரும்.

அடுத்த நாள் விடிவதற்கு முன்பே பொரலந்தை, ஒஹிய வழியாக ஹோட்டன் சமவெளிக்குப் போனாள். தரைமட்டத்தில் வாவிக்கரையில் பிறந்தவளுக்கு 2,100 மீற்றருக்கு மேலே மூச்சு வாங்கத்தான் செய்தது. வாசலில் பையைச் சோதித்து ஒருமுறை பாவித்தெறியும் பிளாஸ்ரிக்கை வாங்கிக்கொள்கிறார்கள், அது நல்ல வழக்கம். உலக முடிவுக்கும் பேக்கர் அருவிக்கும் போய்ச் சுற்றிவரும் நடை ஒன்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். ஒன்பது மணிக்குப் பிறகு பெரும்பாலும் பனிமூட்டம் வந்து பள்ளத்தை மூடிவிடும், ஆகவே முதலில் உலக முடிவுக்குப் போகவேண்டும். அவள் போனபோது திறந்திருந்தது. காலடியில் 800 மீற்றருக்கு மேல் செங்குத்துப் பள்ளம், தூரத்தில் தெற்குச் சமவெளி. புல்வெளியில் மரைகள் நின்றன. மகாவலி, களனி, வளவை மூன்று ஆறுகளுக்கும் இந்தப் பக்கத்திலிருந்துதான் நீர் போகிறது என்று முப்பது வருடம் கரும்பலகையில் கீறியவள், முதன்முறையாக அந்த நீரைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். அன்று மாலை எங்களுக்கு வந்த குரல்செய்தியில் அவள் சொன்னது, "படிப்பிச்சது சரிதான்கா." முழங்காலுக்கு மூன்று நாள் எண்ணெய் பூசவேண்டியிருந்தது.

நுவரெலியாவில் நிற்கவில்லை. கம்பளையில் ஓர் இரவு, கண்டியில் ஓர் இரவு. பேராதனைச் சந்தியில் ஏ5 தொடங்கும் இடத்தில் காரை ஓரங்கட்டி, "மற்ற நுனிக்கு வந்துட்டன்" என்று செய்தி அனுப்பினாள். அந்த இரண்டு வீட்டிலும் இடாப்பு விரிந்தது. ஒருத்திக்கு மற்றொருத்தியின் மைத்துனி தெரியும், அவளுக்கு டொரன்டோ நம்பர் தெரியும். இரவு பன்னிரண்டு மணிவரை போன். லண்டனிலிருந்து ஒருத்தி தன் பெயரை நீல மையில் படம் எடுத்து அனுப்பச் சொல்லி அழுதாள்.

திரும்பும்போது மகியங்கனைப் பாதை, பதினெட்டு வளைவுகள். கீழே இறங்கிய பிறகு ஒரு ரயர் காற்றுப் போனது. சில்லைக் கழற்றத் தொடங்கியபோது பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சிங்கள அம்மா வெளியே வந்து, மகனை அனுப்பி, இளநீர் வெட்டிக் கொடுத்தார். பாதி நட்டுகளை இவள், பாதி நட்டுகளை அந்தப் பையன். பதியத்தலாவையில் பழைய பாதையைப் பிடித்து, கிறுகி, எட்டாம் நாள் அசருக்கு முன் செங்கலடி. தம்பி கறுத்தப்பாலத்தடியில் மோட்டார் சைக்கிளோடு நின்றார். மூன்று மணித்தியாலமாக நின்றதை அவர் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

இன்று இடாப்பின் நிலை இது. 38 பேரில் 31 பேரின் இருப்பிடம் தெரியும். அவர்களில் 19 பேர் இன்று இங்கே வந்திருக்கிறார்கள். நான்கு பேர் இறைவனடி சேர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் இருவர் வந்திருக்கிறார்கள், வகுப்புப் படத்தில் தங்கள் தாய்மாரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னும் மூன்று பேரைக் காணவில்லை. ஒருத்தியின் தகப்பனார் நம் ஏறாவூர் ரயில் நிலையத்தில் வேலை பார்த்தார். இடமாற்றம் வந்து பத்தாம் வகுப்பு முடியுமுன் போனாள், நன்றாகப் பாடுவாள். ஒருத்தி சந்தைக்குப் பின்னால் இருந்த ஒழுங்கையில் இருந்தவள், 1990க்குப் பிறகு சவூதிக்கு வேலைக்குப் போனதாக மட்டும் தெரியும். மற்றவள் கடைசி வாங்கில் இருந்தவள், இடது கையால் எழுதுவாள், பொலன்னறுவைப் பக்கம் கல்யாணம் முடித்ததாக ஒரு பேச்சு. இவர்களைப் பற்றிச் சிறு தகவல் தெரிந்தாலும், நிச்சயமில்லாவிட்டாலும், தயவுசெய்து சொல்லுங்கள். மண்டப வாசலில் பதிவு மேசையில் இடாப்பு இருக்கிறது, பென்சில் ஒன்றையும் நூலில் கட்டிவைத்திருக்கிறோம். மேசைக்குப் பின்னால் இருப்பவள்தான் அவள். பொலன்னறுவைக்குப் போக ஏற்கனவே பெற்றோல் அடித்துவிட்டாள்.